பள்ளி கொடுத்த லேப்டாப்புக்கு இன்சூரன்ஸ் எடுக்கலாமா? பெற்றோர் கேட்கும் கேள்விகள்

பள்ளிக்கூடம் பிள்ளையின் கையில் ஒரு லேப்டாப்பைக் கொடுக்கிறது. அதோடு ஒரு படிவமும் வீட்டுக்கு வருகிறது: "சாதனத்துக்குக் காப்பீடு வேண்டுமா? ஆம் / இல்லை." மறுநாள் காலைக்குள் பூர்த்தி செய்து அனுப்ப வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்காக இந்தப் படிவத்தைப் பல வருடம் நிரப்பியிருக்கிறேன். சில வருடம் ஆம் போட்டேன், சில வருடம் இல்லை. இரண்டிலும் ஒருமுறையாவது தப்புக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

லேப்டாப் பள்ளியினுடையது. நான் எதற்கு அதை இன்சூர் செய்ய வேண்டும்?

லேப்டாப்பை நீங்கள் இன்சூர் செய்யவே போவதில்லை. அது உடைந்தால் பள்ளி உங்கள் பெயருக்கு அனுப்பும் பில்லைத்தான் இன்சூர் செய்கிறீர்கள். இது வெறும் வார்த்தை விளையாட்டு மாதிரித் தெரியலாம், ஆனால் முடிவே இதில்தான் இருக்கிறது.

பொருள் பள்ளியின் சொத்து. வாங்கும்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில், எந்தச் சேதத்துக்கு எவ்வளவு தருவீர்கள் என்று ஒத்துக்கொண்டிருக்கிறீர்களோ அவ்வளவுதான் உங்களுக்கு வரக்கூடிய நஷ்டம். சில பள்ளிகள் முழு விலையையும் கேட்கும். சில பள்ளிகள் முதல் விபத்தை மன்னித்துவிட்டு இரண்டாவதிலிருந்து கேட்கும். வேண்டுமென்றே உடைத்தால் மட்டும் கேட்கிற பள்ளிகளும் உண்டு. கடைசி வகைப் பள்ளியில் பிள்ளை படித்தால், நீங்கள் கட்டும் பிரீமியம் கிட்டத்தட்ட வீண். வேண்டுமென்று உடைத்ததற்கு எந்த இன்சூரன்ஸும் பணம் தராது, தவறி உடைந்ததற்குப் பள்ளியே கேட்கவில்லை. அப்புறம் எதற்குக் கட்டுகிறீர்கள்?

ஆகவே இன்சூரன்ஸ் விளம்பரத்தைப் படிப்பதற்கு முன் அந்த ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். சமையலறை டிராயரில் எங்காவது கிடக்கும்.

ஒப்பந்தத்தில் எதைத் தேடிப் படிக்க வேண்டும்?

முதலில் உச்ச வரம்பு. "பெற்றோர் செலுத்த வேண்டிய அதிகபட்சத் தொகை" என்று ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

அடுத்து, விலையை எப்படிப் போடுகிறார்கள். மூன்று வருடப் பழைய லேப்டாப் தொலைந்தால் புதிதின் விலையைக் கேட்பார்களா, தேய்மானம் கழித்துக் கேட்பார்களா? இதை எழுதாமல் விட்டிருந்தால் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "பார்த்துக்கொள்ளலாம் சார்" என்பது பதில் இல்லை.

மூன்றாவது, பெரும்பாலோர் கேட்காத கேள்வி: பள்ளி இந்த லேப்டாப்களை வாங்கும்போதே தயாரிப்பாளரிடம் விபத்துச் சேதப் பாதுகாப்பையும் சேர்த்து வாங்கியிருக்கிறதா? மொத்தமாக வாங்கும் பள்ளிகள் மூன்று, நான்கு வருடத்துக்கு அப்படி வாங்குவது உண்டு. வாங்கியிருந்தால் ஸ்கிரீன் உடைவதற்கு ஏற்கெனவே யாரோ பணம் கட்டிவிட்டார்கள். ஒரே உடைசலுக்கு இரண்டு இடத்தில் முழுப் பணம் வாங்க முடியாது.

சார்ஜர், தொடுதிரைப் பேனா, உறை ஆகியவை தனியாகப் பட்டியலில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். லேப்டாப்பைவிடச் சார்ஜர்தான் அதிகம் தொலையும், பல திட்டங்கள் அதைத்தான் சேர்ப்பதில்லை.

வாரண்டி இருக்கிறதே, அது போதாதா?

வாரண்டி என்பது தயாரிப்பாளரின் தப்புக்கு. கீபோர்டு தானாக வேலை செய்யாமல் போனால், ஸ்கிரீனில் காரணமே இல்லாமல் கோடு விழுந்தால், வாரண்டி. கீழே போட்டால், தண்ணீர் கொட்டினால், மிதித்தால், அது உங்கள் தப்பு, வாரண்டி பக்கமே வராது.

பேட்டரிக்கு மட்டும் தனிக் கதை. லித்தியம் அயான் பேட்டரி தேயும் பொருள் என்பதால் வாரண்டி, இன்சூரன்ஸ் இரண்டுமே அந்தத் தேய்வைப் பெரும்பாலும் ஒதுக்கிவைக்கும். பல லேப்டாப் பேட்டரிகள் 300 முதல் 500 முழுச் சுற்று சார்ஜுக்குப் பிறகு முதலில் இருந்த கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு இறங்கும். 1000 சுற்று வரை தாங்கும்படி செய்தவையும் உண்டு. இது பிள்ளையின் குற்றம் இல்லை, அதற்காகப் பள்ளி பில் போட்டால் கேள்வி கேளுங்கள். பேட்டரி உப்பி டச்பேடு மேலே எழும்பி நின்றால் மட்டும் அமுக்கிப் பார்க்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பிள்ளைகள் கையில் லேப்டாப் உண்மையில் எப்படித்தான் உடைகிறது?

மாடியிலிருந்து விழுந்து நொறுங்கும் என்று கற்பனை செய்கிறோம். நடப்பது அப்படி இல்லை. எங்கள் வீட்டில் முதல் ஸ்கிரீன் போனது ஒரு பென்சிலால். மகள் வீட்டுப்பாடம் முடித்தாள், பென்சிலைக் கீபோர்டு மேல் வைத்தாள், அம்மா கூப்பிட்டாள் என்று மூடியைச் சாத்திவிட்டு எழுந்தாள். 'நறுக்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். மறுபடி திறந்தபோது வெளிக்கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் நடுவில் ஒரு கறுப்பு மைத்துளி கொட்டியது போலப் பரவி, அதிலிருந்து நாலாபக்கமும் வண்ணக் கோடுகள். எல்சிடி திரைக்குள் இருப்பவை ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத இரண்டு கண்ணாடித் தகடுகள். மூடியைச் சாத்தும்போது கீல் பக்கமிருந்து வரும் நெம்பு விசை முழுவதும் அந்தப் பென்சில் முனையில் இறங்குகிறது. பென்சிலுக்குப் பதில் இயர்போன், யுஎஸ்பி பென் டிரைவ், அழிப்பான் எதுவானாலும் இதே கதைதான்.

அடுத்தது புத்தகப் பை. பையைத் தரையில் தொப்பென்று போடுவது, அதன் மேல் உட்காருவது, தடித்த புத்தகங்களுக்கு நடுவே லேப்டாப்பைச் செருகுவது. பைக்கு அடியில் தனித் தடுப்பு இல்லாவிட்டால் லேப்டாப்பின் மூலைதான் முதலில் தரையைத் தொடும்.

ஒரு கையால், திறந்த ஸ்கிரீனின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு அறைக்கு அறை நடப்பது கீலைத் தின்னும் பழக்கம். உடனே உடையாது. ஆறு மாதம் கழித்து ஒருநாள் திறக்கும்போது பிளாஸ்டிக் பிளந்து வரும். அப்போது பள்ளி "சேதம்" என்று சொல்லும், இன்சூரன்ஸ்காரர் "தேய்மானம்" என்று சொல்வார், நடுவில் நீங்கள்.

சார்ஜர் வயர் நடைபாதையில் குறுக்கே கிடந்து யாராவது தடுக்கி இழுத்தால் சார்ஜிங் போர்ட் ஆடிப்போகும். மேஜை மேல் தம்ளர். இவ்வளவுதான் பட்டியல். திருட்டும் உண்டு, ஆனால் பள்ளிச் சாதனத்தைத் திருடியவருக்குப் பெரிய பலன் இல்லை. பெரும்பாலானவை பள்ளி தூரத்திலிருந்தே நிர்வகிக்கும் கட்டுப்பாட்டில் இருப்பதால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திறந்தாலும் மறுபடி பள்ளியின் உள்நுழைவுப் பக்கத்திலேயே வந்து நிற்கும்.

பள்ளியே ஒரு திட்டம் தருகிறது, வெளியிலும் தனிப் பாலிசி கிடைக்கிறது. எது நல்லது?

முதலில் ஒன்று. பள்ளி தருவது பல நேரம் இன்சூரன்ஸே இல்லை. எல்லோரிடமும் சிறு கட்டணம் வாங்கி, உடைந்ததை அந்தப் பணத்தில் சரிசெய்யும் பொதுப் பை. அதில் தப்பில்லை. பேப்பர் வேலை குறைவு, தகராறு குறைவு, "எப்போது, எங்கே, எப்படி" என்ற விசாரணை குறைவு. ஆனால் அது பள்ளி வகுத்த விதிப்படி நடக்கும், வருடத்துக்கு ஒரு சேதம்தான் என்பது போன்ற கட்டுப்பாடு இருக்கும். பொதுவாக ஆண்டுத் தொடக்கத்தில் சில வாரங்கள் மட்டுமே சேர முடியும்.

வெளிப் பாலிசியில் திருட்டு, தீ, வெள்ளம் என்று பரப்பு அதிகமாக இருக்கலாம். அதற்கு முன் நிறுவனத்திடம் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: "இந்த லேப்டாப் எனக்குச் சொந்தமில்லை, பள்ளிக்குச் சொந்தம், நான் பொறுப்பு ஏற்றிருக்கிறேன். கிளெய்ம் தருவீர்களா?" காப்பீட்டில் அடிப்படை விதியே, பொருள் போனால் உங்களுக்கு நஷ்டம் வர வேண்டும் என்பது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அந்த நஷ்டத்தைக் காட்டும். ஆனால் "பாலிசிதாரருக்குச் சொந்தமான சாதனங்கள்" என்று மட்டும் எழுதிய பாலிசிகளும் இருக்கின்றன. அவை கடைசி நேரத்தில் பில் யார் பெயரில் என்று கேட்கும். பில் பள்ளியிடம் இருக்கும்.

ரிப்பேர் யார் செய்வது என்பது இன்னொரு முடிச்சு. வெளி நிறுவனம் தன் கடையில்தான் சரிசெய்வேன் என்னும், பள்ளி தன் ஆள்தான் திறக்க வேண்டும் என்னும். மதர்போர்டு மாற்றினால் சாதனத்தின் அடையாள எண்ணே மாறிப்போய்ப் பள்ளியின் பதிவிலிருந்து லேப்டாப் விலகிவிடக்கூடும். பிறகு அதைச் சேர்க்க யார் அலைவது? இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை என்றால் நான் பள்ளித் திட்டத்தைத்தான் எடுப்பேன்.

வீட்டுக்கு எடுத்திருக்கும் காப்பீட்டில் இது அடங்காதா?

அடங்கலாம். வீட்டில் உள்ள பிறர் பொருள்களையும், வெளியே எடுத்துச் செல்லும் பொருள்களையும் சேர்க்கும் பாலிசிகள் உண்டு. ஆனால் அதில் ஒவ்வொரு கிளெய்மிலும் முதலில் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை பெரிதாக இருக்கும். ஸ்கிரீன் மாற்றும் செலவு அதற்குள்ளேயே அடங்கிப்போய் ஒன்றும் கையில் வராது. சின்னக் கிளெய்ம் ஒன்று போட்டதற்காக அடுத்த வருடப் பிரீமியம் ஏறினால் அது வேறு. வீடே தீப்பிடித்தால் லேப்டாப்பும் சேர்ந்து வரும் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எப்படிப் போடுவது?

லேப்டாப் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். பாலிசி வருடத்துக்கு 5. ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 10 உங்களுடையது; இதைத்தான் டிடக்டிபிள் என்கிறார்கள், அதற்கு மேல்தான் அவர்கள் தருவார்கள். இவை நான் கணக்குக்காக வைத்த எண்கள், உங்கள் படிவத்தில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கிரீன் மாற்ற 25 ஆகிறது. அவர்கள் தருவது 15. மூன்று வருடத்தில் ஒருமுறை ஸ்கிரீன் உடைந்தால் கட்டிய பிரீமியம் 15, வந்தது 15. சரிக்குச் சரி. நாலு வருடத்தில் ஒருமுறை என்றால் நஷ்டம். கீபோர்டு மாற்ற 12 என்றால் அவர்கள் தருவது வெறும் 2, அதற்காகப் படிவம் நிரப்பும் நேரம்கூடக் கட்டுப்படியாகாது.

ஆக, சில்லறை உடைசலுக்கு இன்சூரன்ஸ் லாபமில்லை. சராசரியாகப் பார்த்தால் எந்த இன்சூரன்ஸும் லாபமில்லை, நடத்துகிறவர் சம்பளமும் வாடகையும் நம் பிரீமியத்திலிருந்துதானே போக வேண்டும். அது உதவுவது 60, 100 என்று வரும்போது: மதர்போர்டில் தண்ணீர் இறங்கியது, பேருந்தில் பையோடு திருடு போனது. இப்போது உங்களையே கேளுங்கள். நாளைக்கே 100 கட்டச் சொன்னால் கடன் வாங்காமல் கட்ட முடியுமா? முடியும் என்றால் பிரீமியம் கட்டாமல் அந்த 5-ஐத் தனியாக எடுத்து வைக்கலாம். உடையாவிட்டால் பணம் உங்களிடமே இருக்கும். அந்த மாதம் குடும்பம் தள்ளாடும் என்றால் 5 கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பதே சரி. அதை நஷ்டம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இனி அந்த உச்ச வரம்பைச் சேருங்கள். பள்ளி எப்போதும் 25-க்கு மேல் கேட்காது என்றால், இன்சூரன்ஸ் உங்களுக்கு அதிகபட்சம் தரக்கூடியது 15தான். நான் எடுக்க மாட்டேன்.

பாலிசியில் எந்த வரிகளில் மாட்டிக்கொள்வோம்?

"தொலைதல்" வேறு, "திருட்டு" வேறு. திருட்டுக்கு மட்டும் என்று எழுதியிருந்தால், நூலகத்தில் வைத்துவிட்டு வந்து மறுநாள் காணோம் என்பது பெரும்பாலும் தொலைதல். "விளக்க முடியாத வகையில் காணாமல் போதல்" என்று ஒரு விலக்கு இருந்தால் அது பிள்ளைகளுக்காகவே எழுதியது போலிருக்கும்.

"கவனிப்பார் இல்லாமல் விட்டிருந்தால்" என்ற வரியும் அப்படித்தான். பூட்டாத வகுப்பறை, காரின் பின் சீட், விளையாட்டு மைதான ஓரம், எல்லாமே கவனிப்பார் இல்லாத இடம். திருட்டுக்குப் போலீஸ் புகார் கேட்பார்கள், 24 அல்லது 48 மணி நேரம் என்று கெடு வைக்கும் பாலிசிகளும் உண்டு. கெடு தாண்டினால் கதை முடிந்தது.

கீறல், நெளிவு போன்ற தோற்றச் சேதம் பெரும்பாலும் எதிலும் சேராது. புதிதாக எடுத்த பாலிசி முதல் சில நாள் அமலுக்கு வராமல் இருப்பதும் உண்டு. கோடை விடுமுறையில் லேப்டாப் வீட்டில் இருந்தால் பாதுகாப்பு அந்த மாதங்களுக்கும் இருக்கிறதா என்பதைப் பலர் ஆண்டு முடிந்த பிறகுதான் கேட்கிறார்கள்.

கொடுத்திருப்பது பழைய லேப்டாப். அதற்குமா?

பொதுவாக வேண்டாம். தேய்மானம் கழித்துத்தான் பள்ளி கேட்கும் என்றால் உங்கள் பொறுப்பு வருடா வருடம் குறைகிறது, பிரீமியம் குறைவதில்லை. மென்பொருள் ஆயுளையும் பாருங்கள். குரோம்புக் (கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் லேப்டாப்) என்றால், 2021 முதல் வெளிவந்த மாடல்களுக்கு 10 வருடம் தானியங்கி அப்டேட் உண்டு என்று கூகுள் 2023-இல் அறிவித்தது. அந்தத் தேதி செட்டிங்ஸிலேயே தெரியும். தேதி நெருங்கிய சாதனத்தைப் பள்ளியே சீக்கிரம் மாற்றிவிடும்.

"ராணுவத் தரம்" என்று பெட்டியில் போட்டிருக்கிறதே, அதுவே போதாதா?

அப்படிப் போட்டிருந்தால் பெரும்பாலும் எம்ஐஎல்-எஸ்டிடி-810-ஐத்தான் சொல்கிறார்கள்; அது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகளின் தொகுப்பு. அதில் வெப்பம், தூசி, அதிர்வு, விழுதல் என்று பல சோதனைகள் இருக்கின்றன. எந்தச் சோதனையை, எந்த அளவில் செய்தார்கள் என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்தெடுக்கிறார். ராணுவம் முத்திரை குத்துவதில்லை. விழும் சோதனையில் 122 செ.மீ. உயரத்திலிருந்து 26 முறை போடும் முறை ஒன்று உண்டு, சில பள்ளி மாடல்கள் மேஜை உயரமான 76 செ.மீ.யில்தான் சோதிக்கப்படுகின்றன. தண்ணீர் வடியும் கீபோர்டு என்றால் 330 மி.லி. என்பது போல ஓர் அளவைக் குறிப்பிடுவார்கள், அதுவும் வெறும் தண்ணீர். சர்க்கரை கலந்த பானத்துக்கு யாரும் உறுதி தருவதில்லை. இதெல்லாம் உடையும் வாய்ப்பைக் குறைக்கும், பென்சிலை மட்டும் தடுக்காது.

தண்ணீர் கொட்டிவிட்டது. இன்சூரன்ஸ் இருக்கிறதோ இல்லையோ, முதலில் என்ன செய்வது?

சார்ஜரைப் பிடுங்குங்கள். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து முழுவதும் அணையுங்கள், மூடினால் தூங்கத்தான் போகும். விரித்துக் கூடாரம் போல, கீபோர்டு கீழ்நோக்கி இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம், தூசிதான் போர்ட்டுக்குள் போகும். "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று ஆன் செய்வதுதான் பல மதர்போர்டுகளைக் கொல்கிறது. ஒரு போட்டோ எடுத்து, நேரத்தைக் குறித்து, மறுநாள் காலை பள்ளியில் அப்படியே ஒப்படையுங்கள்.

இன்சூரன்ஸ் இருக்கிறது என்று பிள்ளையிடம் சொல்லலாமா?

சொன்னால் அலட்சியம் வரும் என்று பலர் மறைக்கிறார்கள். நானும் மறைத்தேன். விளைவு, மகன் ஸ்கிரீன் உடைந்ததை மூன்று வாரம் எங்களிடம் சொல்லவில்லை. தினமும் பள்ளியில் லேப்டாப்பைப் பாதி திறந்து, திரையில் நல்லாயிருந்த இடது பக்கத்தில் மட்டும் புரோகிராம் விண்டோவைச் சுருக்கி வைத்து எழுதியிருக்கிறான். நாங்கள் கிளெய்ம் போட்டபோது முதல் கேள்வியே "எந்தத் தேதி?" அவனுக்குத் தெரியவில்லை. "திறந்தேன், உடைஞ்சிருந்துச்சு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. தாமதத்தைக் காட்டிக் கிளெய்மை மறுத்துவிட்டார்கள். கட்டிய பிரீமியமும் போய் ரிப்பேர் செலவும் எங்கள் தலையில்.

அதன் பிறகு சொல்லிவிடுகிறோம். கூடவே ஒரே விதி: உடைந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும், அன்றைக்குச் சொன்னால் திட்டு கிடையாது. டிடக்டிபிளில் ஒரு சிறு பங்கை அவனே தர வேண்டும் என்று வைக்கலாமா என்று கேட்பார்கள். வைத்தால் மறுபடி மறைக்கத்தான் செய்வான் என்பது என் அனுபவம். உங்கள் பிள்ளையை உங்களுக்குத்தான் தெரியும்.

உள்ளே இருக்கும் பாடங்கள், ப்ராஜெக்ட்?

எந்த இன்சூரன்ஸும் அதைத் திருப்பித் தராது. பள்ளிக் கணக்கின் கிளவுடில் சேமிக்கிறதா, டெஸ்க்டாப்பில் கிடக்கிறதா என்று ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

இரண்டு பிள்ளைகள். இருவருக்கும் எடுக்க வேண்டுமா?

ஒரே முடிவு எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பேருந்தில் தினம் கொண்டுபோய்க் கொண்டுவரும் சின்னவனுக்கு எடுத்து, வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவரும் பெரியவளுக்கு விட்டுவிடலாம். குடும்பத்துக்கு மொத்தமாகச் சலுகைக் கட்டணம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

லேப்டாப்பை வாங்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் கவனிக்க வேண்டியது ஏதாவது?

வாங்கிய அன்றே, பையில் போடுவதற்கு முன், நாலு மூலை, கீல், ஸ்கிரீன் ஆன் ஆன நிலை, அடியில் உள்ள சீரியல் நம்பர் ஸ்டிக்கர் என்று ஆறேழு போட்டோ எடுத்துவிடுங்கள். முந்தைய வருட மாணவர் போட்ட கீறலுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டாம். வெளிப் பாலிசி எடுத்திருந்தால் அந்த சீரியல் நம்பர் பாலிசியில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். வருட நடுவே ரிப்பேருக்குப் போய்ப் பதிலுக்கு வேறு லேப்டாப் வந்தால் நம்பரும் மாறும், பாலிசிக்காரருக்கு அதைச் சொல்ல எல்லோரும் மறந்துபோகிறோம்.

திருப்பிக் கொடுக்கும்போது அதே கோணங்களில் மறுபடி போட்டோ, சார்ஜரும் சேர்த்து. ஒப்படைத்ததற்கு ரசீது கேளுங்கள், வரிசையில் பின்னால் இருப்பவர்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. அப்புறம் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பாலிசியின் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்துங்கள். கையில் இல்லாத லேப்டாப்புக்கு நான் ஏழு மாதம் பிரீமியம் கட்டியிருக்கிறேன்.